பென் டிரைவுக்குள்ள என் வளையலு

தலைய ஆட்டாத கண்ணு, தாடையில கட்டுன கம்பி இழுக்கும். ஆமான்னா ஒருக்கா கண்ணச் சிமிட்டு, இல்லைன்னா ரெண்டுக்கா. பேசறதெல்லாம் நான் பேசறேன். கேப்பங்கூழ நல்லாத் தண்ணியாத்தான் கரைச்சிருக்கறேன், மெதுவா உறிஞ்சு. உங்கம்மா எஸ்டேட்டுல இருந்து வர அஞ்சு மணி ஆவும். எட்டு நாளா கூழு கொண்டாறேன்னு என்னைய மகராசிங்குது அது.

என்ன அப்புடிப் பாக்கற? இத்தன நாளும் நான் ஆருன்னே சொல்லலயேன்னா? பேரு சுதாராணி, வாழவந்திக்காரி. பாட்டுக்காரி சாமி. ஆர்க்கெஸ்ட்ராவுல பதினெட்டு வருசம் பாடுனேன். ஆமா, உன்னைய மேடையேத்துன அதே தனபாலுதான் எங்களுக்கும் கீபோர்டு. டிரம்மு மரியதாசு. எல்லாஞ் சேந்து ஏழு பேரு. இந்த மலையில மாரியாயி நோம்பி, திருவிழான்னா நாங்கதான்.

அப்பறமென்ன, டிஜே வந்துருச்சு. மஞ்சக்குட்டை ஊரு நோம்பியில நான் ரெண்டாம் பாட்டு எடுக்கறேன், கீழ இருந்து பாட்டில் பறந்து வருது. அந்தக் கெழவிய எறக்கிட்டு டிஜே போடுங்கறானுங்க. நாப்பத்தி மூணு வயசுல நான் கெழவி. மரியதாசுக்குப் புருவம் பொளந்து ரத்தம் கண்ணுல ஒழுகுது, அவன் பாட்டுக்கு அடிச்சிட்டிருக்கறான். ஒருத்தன் மேல ஏறி டிரம்முத் தோலக் கத்தியால கிழிச்சான். மரியதாசு கையில இருந்த குச்சியாலயே அவன் மூக்க ஒடச்சுப்போட்டான். சிரிக்காத, உனக்குத்தான் வலிக்கும். அதோட குழு செதறிருச்சு. மரியதாசு ஜீப்பு ஓட்டறான். தனபாலு லேப்டாப்பு வாங்கிட்டான்.

உங்கிட்ட என்ன சொன்னான்? சும்மா வாயசைச்சாப் போதும், கொரலு மெட்ராசுல ரெக்கார்டு பண்ணுனதுன்னானா? நெனச்சேன். மெட்ராசுமில்ல மண்ணுமில்ல. அவனூட்டுப் பின்னால ரூமுல செவுத்துக்குக் கம்பளி தொங்கவுட்டு, பிராக்டீசுக்குத்தான்னு சொல்லி என்னைய ஆறு பாட்டு பாட வெச்சான். வளையலக் கழட்டு, சத்தம் வருதுன்னான். நோம்பிக்குப் போட்ட கண்ணாடி வளையலு. கோயில்ல நட்ட கம்பத்த நோம்பி முடிஞ்சு புடுங்கற வரைக்கும் கழட்டக்கூடாதுல்ல. போடான்னுட்டு வளையலோடவே பாடுனேன். அதத்தான் பென் டிரைவுல ஏத்தி வெச்சிருக்கறான்.

உங்க தலைச்சோலை நோம்பிக்கு நானும் வந்திருந்தேன் கண்ணு. கூட்டத்துல நின்னு முறுக்குத் தின்னுட்டிருந்தேன். சிவரஞ்சனின்னு உன் பேரச் சொன்னான் தனபாலு, நீ வந்து நின்ன. புகை மெஷினப் போட்டானுங்க. எங்கயோ கேட்ட கொரலா இருக்குதேன்னு பாக்கறேன். சரணத்துல நான் கையத் தூக்கற எடம் வந்துச்சு, கலகலன்னு கேட்டுச்சு பாரு. உங்கையில வளையலே இல்ல, ஒத்த ரப்பர் பேண்டுதான். தொண்ட கிழிய பதினெட்டு வருசம் பாடுனவ கீழ நின்னு முறுக்குத் திங்கறேன், எங்கொரலு மட்டும் மேல நின்னு கைதட்டு வாங்குது. தட்டுனது ஆருங்கற? கெழவிய எறக்குன்ன அதே கூட்டந்தான்.

அந்தப் புகையில நீ உழுந்தது கீழ ஆருக்கும் தெரியல. நீயும் கண்ண மூடிட்டுத்தான வாயசைச்ச. தாடை முறிஞ்சது காப்பிச்செடிக் கெளை ஒடியறாப்பல கேட்டுச்சு. ரெண்டு பல்லு வயரு மேல கெடந்துச்சு. நீ கத்துன. உன் மைக்க அமத்தி வெச்சிருந்தான் பாவி தனபாலு, பக்கத்துல நின்னவளுக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. நீ ரத்தத்துல பொரள்ற, எம்பாட்டு நிக்காம ஓடுது, அடுத்த சரணத்துக்கு விசிலு வேற அடிக்கறானுங்க. அந்தக் கத்தலுலயே தெரிஞ்சுபோச்சு, உனக்கு நல்ல கொரலு. பாடுவியா நீ? ஒருக்கா சிமிட்டற. பாடறேன்னு கேட்டதுக்கு அவந்தான் வேண்டாம்னானா? அது எனக்கு அன்னிக்குத் தெரியாதே சாமி.

சேலத்து ஆஸ்பத்திரில இருந்து ஸ்டேஷனுக்குச் சீட்டு போயிருக்குதாமா. நாளைக்கிப் போலீஸ்காரம்மா வந்து, பேச முடியாட்டி எழுதிக் குடுன்னு கேக்கும். ஸ்பீக்கர் பொட்டி சாஞ்சு உழுந்துருச்சுன்னு தனபாலு சொன்னத எழுதிப்போடாத. பென் டிரைவு கதை வெளிய வந்துருமுன்னு பயம் அவனுக்கு. பொட்டி உழுந்திருந்தா எம்பாட்டு கடைசி வரைக்கும் எப்புடிக் கேட்டிருக்கும்? ஓங்குன மைக் ஸ்டேண்டு என் கையிலதான் இருந்துச்சு. தனபாலத் தேடித்தான் மேடையேறுனேன். புகைக்குள்ள உன் வாயி மட்டுந்தான் தெரிஞ்சுது, எம்பாட்டுக்கு அசைஞ்சிட்டிருந்துச்சு.

கத்தாத கண்ணு. வாயத் தொறந்தா கம்பி அறுத்துப்போடும். கம்பியப் பிரிக்கட்டும், அப்பறமா எவ்வளவு வேணும்னாலும் கத்து. நான் எங்கயும் போவல. இந்தா, மிச்சக் கூழக் குடிச்சிரு.