வலது முன்னங்கால் பற்றி வண்டிக்காரம்மா சொன்னது

விசாரணையில் வண்டிக்காரம்மா என்பவர் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டது. வயது நாற்பத்தேழு. சலவை நிலையத்தின் பின்பக்கம், குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் குடியிருப்பு. தொழில்: விடுதிகளுக்குச் சலவைத் துணி கொண்டுபோகும் குதிரை வண்டி ஓட்டுதல். அங்க அடையாளம்: இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டை.

நான் மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன். குதிரையைத் திருடியதாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் தையல்காரர் என் உடன்பிறந்த தம்பி. குதிரை சலவை நிலைய முதலாளிக்குச் சொந்தமானது. மூக்கு முட்டத் தின்றுவிட்டு முறுக்கிக்கொண்டு நிற்பதால் அதை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறோம்.

போன மாதம் முதலாளி வாசலுக்குப் புதுக் கதவு போட்டார். அதில் வண்டி நுழையாது என்று நான் அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்? அதன் பிறகு வண்டியைத் தெருவிலேயே அவிழ்த்து நிறுத்திவிட்டு, குதிரையைக் கயிற்றில் பிடித்து உள்ளே நடத்தி வர வேண்டியதாயிற்று. அதுவரை நான் வண்டியில் உட்கார்ந்து வருவதைத்தான் முதலாளி பார்த்திருக்கிறார். நேற்றுக் காலை மாடியிலிருந்து பார்த்தவர், குதிரை தலையை ஆட்டி ஆட்டி நடக்கிறது, கால் போய்விட்டது என்று சத்தம் போட்டு, கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தார்.

டாக்டரம்மா குளம்பைத் தூக்கிப் பார்த்ததில் ஆணியோ கல்லோ இல்லை. இடுக்கியால் அழுத்தியபோது மாப்பிள்ளை கொட்டாவி விட்டது. காலைத் தடவிப் பார்த்ததில் சூடும் வீக்கமும் இல்லை. அதன் பிறகு என்னையே நடத்திக் காட்டச் சொன்னார். நான் கயிற்றைத் தாடைக்கு அடியில் இறுக்கிப் பிடித்து நடத்திக் காட்டினேன். வலிக்கிற கால் ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும், இது இடது காலுக்குத் தாழ்த்துவதால் கோளாறு வலது முன்னங்காலில், குளம்பில் ஒன்றும் இல்லாததால் தோளில் இருக்க வேண்டும் என்று சொன்னார். தோள் என்றால் இனி வண்டி இழுக்காது என்று முதலாளியே முடிவு கட்டி, மறுநாள் லாரி வரவழைத்துத் தோலுக்கு வாங்குபவரிடம் அனுப்பப் போவதாகச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை அன்றும் வைத்ததையெல்லாம் தின்றது. நான்தான் சாப்பிடவில்லை.

இன்று காலை லாரி வருவதற்குள் டாக்டரம்மாவிடம் இன்னொரு தடவை காட்டிவிடலாம் என்று நினைத்து, என்னால் வேகமாக நடக்க முடியாததால் தம்பியிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்பினேன். "நிக்காம ஓடுடா, நான் பின்னாலேயே வரேன்" என்று சொன்னது நான்தான். முதலாளியிடம் கேட்கவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்க அவன் குதிரையோடு ஓடுவதைப் பார்த்த பழக்கடைக்காரர் திருடன் என்று கத்தினார். அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்துக் காவலர் துரத்திப் பிடித்து, தம்பியை ஒரு கையிலும் கயிற்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். குதிரைக்கு உற்சாகம் வந்துவிட்டதால் மூவரும் ஓடினார்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பின்னால் வந்த எனக்குப் புரியவில்லை.

தன் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா இந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷும் கையுமாகக் கூடவே ஓடி வந்திருக்கிறார். நான் வந்து சேர்ந்தபோது நிலைய முற்றத்தில் காவலரை மறுபடியும் ஓடச் சொல்லிக்கொண்டிருந்தார். காவலர் கயிற்றைத் தளர விட்டு ஓடினார். குதிரையின் தலை ஆடவே இல்லை. அதன் பிறகு கயிற்றை என்னிடம் கொடுத்தார். நான் நடந்தேன், தலை ஆடியது.

"ஐயோ அக்கா, இடது கால் வைக்கும்போது நீங்க தாழறீங்க, கூடவே கயிறும் தாழுது. நேத்து நான் குதிரையைத்தான் பார்த்தேன், கயிறு பிடிச்சவங்களைப் பார்க்கலை" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இந்த ஒரு மாதப் பழக்கத்தில் மாப்பிள்ளை என் அடிக்கு அடி வைப்பதால் எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டதாம்.

என் கால் குட்டை என்பதை நான் மறந்தே வெகுகாலம் ஆகிறது. சிறு வயதில் யாராவது நொண்டி என்று கூப்பிட்டால் கல்லெடுத்து அடிப்பேன். இன்று, புகார் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதலாளியின் காதில் விழும்படி, "நொண்டி நான்தாங்க, அது இல்லை!" என்று நானே கத்தினேன். அந்த வார்த்தை எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுக்கும் என்று நினைக்கவில்லை. தம்பி அழுதுவிட்டான். முதலாளி லாயத்துக்குப் போய், அங்கே வந்து நின்ற லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

குதிரையைக் கொண்டுபோகச் சொன்னது நான் என்பதால் தம்பியை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நிலையத்துப் பூச்செடிகளை மாப்பிள்ளை தின்றதும் உண்மை. கோளாறு இருப்பது இடது காலில். அந்தக் கால் என்னுடையது. குதிரையின் நான்கு கால்களும் நன்றாக இருக்கின்றன. யாரும் மிரட்டாமல், சிரித்துக்கொண்டே சொன்னேன். படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
வண்டிக்காரம்மா