படகில் எழுதிய எழுத்து

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதுவது சரியோ தெரியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெடுங்கேணியிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்தவர்கள் கதைத்தது இது.

"இடைவெளி ஒரு விரலெண்டா உங்கட போட். அரை விரலெண்டா உங்கட தங்கச்சியின்ர," என்றார் மடியில் எழுத்து வெட்டிய ஸ்டென்சில் தகடுகள் வைத்திருந்த ஒருவர். படகுகளுக்குப் பெயர் எழுதுபவராம்.

பக்கத்தில் இருந்த பெண் சொன்னார்: "என்ர மனுசன் ஒரு போட்டில, தங்கச்சியின்ர மனுசன் மற்றதில போனவை. ரெண்டும் திரும்பேல்லை. ஒரு உடைஞ்ச துண்டுதான் கரையொதுங்கினது. அதில ஒரு எழுத்துத்தான் கிடக்கு. ரெண்டு போட்டின்ர பேரும் அதிலதானே தம்பி துவங்குது."

"நானாக் கீறின எழுத்து, அக்கா. உங்கட போட்டுக்குத் தகடு வெட்டேக்க, தகடு விழாமலிருக்கத் தடிச்ச கோட்டுக்கு நடுவில விட்ட இடைவெளி பெரிசாத் தெரிஞ்சுது. தங்கச்சியின்ரதுக்கு அதைத் திருத்திச் சின்னனாக்கினனான். மெல்லிசுக் கோட்டையும் மயிர்மாதிரி ஆக்கினனான்."

"வடிவு வடிவெண்டு கீறினாய். கடல் முதல்ல அந்த மெல்லிசைத்தானே திண்டிருக்கு?"

"ஓம் அக்கா. தடிச்சது மட்டும் மிச்சமாம். அங்க போய்த் தகட்டை அதுக்கு மேல வைச்சுப் பார்த்தாச் சொல்லுவன்."

அந்தப் பெண் அவர் பக்கம் குனிந்தார்.

"தம்பி, எங்கட எண்டா எல்லாருக்கும் முன்னால சொல்லு. தங்கச்சியின்ர எண்டா முதல் என்ர காதில சொல்லு. அவளுக்கு நான்தான் சொல்லவேணும்."

அடுத்த நாள் முல்லைத்தீவிலிருந்து திரும்பிய அதே பஸ்ஸில் மீன் கொண்டுவந்தவர் கொண்டக்டரிடம் சொன்னார்: துண்டு தங்கச்சியின் போட்டுடையது. அக்காவின் போட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.