வலிக்கு ஒத்திகை

— மறுபடியும் தப்பு. நான்தான் டாக்டர், ஞாபகம் வெச்சுக்குங்க. கேக்கறேன்: எப்படி இருக்கீங்க, தனசிங் சார்?

— ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்.

— ஏங்க!

— என்னை என்ன பண்ணச் சொல்றே, ரத்தினம்? சர்ச்சு வாசல்ல நின்னு எல்லாருக்கும் கைகொடுத்துப் பழகின வாய். பெட்டியில படுக்க வெச்சப்புறம் எவனாவது குனிஞ்சு கேட்டாலும், எழுந்து உக்காந்து இதைத்தான் சொல்லுவேன்.

— பெட்டிப் பேச்சை விடுங்க. நீங்க நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னா டாக்டரும் நம்பிட்டுப் போயிடறார். முதுகெலும்புல புத்துநோய், சாப்பிடறது தலைவலி மாத்திரை! வலி இருக்குன்னு நீங்க உங்க வாயால சொன்னா மார்ஃபியா ஊசி போடறேன்னு சொல்லிட்டுத்தானே போனார்?

— மார்ஃபியாவா! மதுவிலக்கு சங்கத்து செக்ரட்டரி நான். சர்க்கார் சாராயக்கடை திறந்தப்போ தாம்பரம் மார்க்கெட்ல மைக் பிடிச்சுக் கத்தினவன். நானே போதை ஊசிக்குக் கை நீட்டினா ஊர் சிரிக்காது?

— அன்னிக்கு உங்க பேச்சைக் கேக்க வந்ததே மழைக்கு ஒதுங்கின நாலு பேரு. அவங்களா சிரிக்கப் போறாங்க?

— ஒருத்தன் கை தட்டினானே. கொசு அடிச்சானோ என்னமோ.

— பேச்சை மாத்தாதீங்க. நீங்க முனகறது எனக்குத் தெரியாதா?

— நானா? யாரு கேட்டா?

— இத்தனை நாளா யாரும் கேக்கல. எலக்ட்ரிக் ட்ரெயின் போற நேரமாப் பாத்து முனகிட்டு இருந்தீங்க. இப்ப ஸ்டிரைக்ல ரயில் நின்னுபோச்சு. தலகாணியைக் கடிச்சுக்கிட்டாலும் சமையல்கட்டு வரைக்கும் கேக்குது.

— தண்டவாளத்துப் பக்கத்துல வீடு கட்டினதுக்கு அது ஒண்ணுதான் லாபம். அதையும் யூனியன்காரன் கெடுத்துட்டான்.

— சிரிக்காதீங்க. என்னால பாக்க முடியலீங்க.

— சரி, அழாதே. கேளு.

— எப்படி இருக்கீங்க, சார்?

— ஸ்... வலிக்குது.

— எப்படி வலிக்குது?

— ரம்பம் வெச்சு அறுக்கிற மாதிரி. நடிப்பு எப்படி?

— நடிப்பா அது?

— இல்ல, ரத்தினம். நடிப்பு இல்ல.

— கேட் சத்தம் கேக்குது. வாங்க டாக்டர் வைத்தீஸ்வரன், உள்ள வாங்க.

— என்ன தனசிங் சார், எப்படி இருக்கீங்க?

— ஸ்தோத்... இருங்க டாக்டர், இவ முறைக்கிறா. வலிக்குது. உக்கார முடியல, படுக்க முடியல. ரம்பம் வெச்சு அறுக்குது.

— அடடா! இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? இப்பவே ஊசி போடறேன். இனிமே வலி வந்து கூப்பிடற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நேரத்துக்கு நேரம் நர்ஸ் வந்து போடுவாங்க.

— பழக்கமாயிடுமா, டாக்டர்?

— வலிக்காம தூங்கற பழக்கம்தானே சார்? வந்துட்டுப் போகட்டும்.

— அப்போ செக்ரட்டரி பதவியை ராஜினாமா பண்ணிடறேன். சங்கத்துல அழுறதுக்கும் ஆள் கிடையாது.

— கையை நீட்டுங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது. நீங்க எப்படிம்மா இருக்கீங்க?

— எனக்கென்ன டாக்டர்? ஸ்தோத்திரம், நான் நல்லா இருக்கேன்.

— பொய், டாக்டர். ரயில் நின்னதுலேருந்து, கிணத்தடியில இவ அழுறதும் எனக்குக் கேக்குது.