மனைவிக்குத் தலைவலி, போன் செய்ய வேண்டாம்

பூபாலன்: ...ஆகவே, மண்ணரை மூன்றாவது வீதி, கதவு எண் பதினான்கில் திரளாகக் கூடியிருக்கும் பெருமக்களே! வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய ஓர் அதிமுக்கிய அறிவிப்பை...

சித்ரகலா: திரளா எங்கீங்க தம்பி? நானும் எங்க ஊட்டுக்காரருந்தான் இருக்கறோம். உக்காந்துட்டே அறிவியுங்க.

பூபாலன்: நின்னாத்தானுங்கக்கா குரல் எடுபடும். பொழுதோட ஆறு மணிக்கு எங்க பனியன் முதலாளிங்க சங்கத்துல இதே பேச்சுத்தான் பேசப் போறேன். இணைய மோசடி விழிப்புணர்வு உபகமிட்டிக்கு என்னையத் தலைவராப் போட்டுட்டாங்கல்ல.

மருதாசலம்: எப்பங் தம்பி போட்டாங்க?

பூபாலன்: முந்தாநேத்துங்ண்ணா. ஏகமனதா.

சித்ரகலா: எத்தன பேரு வந்திருந்தாங்க?

பூபாலன்: ...மூணு பேருங்க. அது கெடக்குது. அறிவிப்பைக் கேளுங்க. இந்த ஊட்டை வாங்கறதுக்கு நான் உங்களுக்குத் தர வேண்டிய மீதி முப்பத்தெட்டு லட்சம் இருக்குதில்லீங்களா... அது இன்னைக்கு மயிரிழையில தப்புச்சுது!

சித்ரகலா: தப்புச்சுதா? எதுல இருந்துங்க?

பூபாலன்: திருடன்கிட்ட இருந்து! வெடியால ஒம்பது மணிக்கு ஒரு மெயில் வந்துச்சு. அண்ணன் பேர்ல. அண்ணனோட ஐடியில இருந்தே.

மருதாசலம்: ...காப்பி ஆறிப்போச்சு சித்ரா. வேற கொண்டாயேன்.

சித்ரகலா: இன்னும் பாலே காயல. சும்மா இருங்க. நீங்க சொல்லுங்க தம்பி, என்ன போட்டிருந்துச்சு?

பூபாலன்: படிக்கறேன், கேளுங்க. 'அன்புள்ள தம்பி பூபாலன் அவர்களுக்கு. நலம், நலமறிய ஆவல். வியாழக்கிழமை கிரயத்துக்கு முன் தாங்கள் தர வேண்டிய மீதித் தொகையை, நானும் என் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் பழைய கணக்கில் போட வேண்டாம். அதில் கோளாறு. கீழே கண்ட புதிய கணக்கில், இன்றே, மதியத்துக்குள் போடவும். இதுபற்றி வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம். மனைவிக்குத் தலைவலி.'

சித்ரகலா: எனக்கா? எனக்கு எங்கீங்க தலைவலி?

மருதாசலம்: நேத்து லேசா...

சித்ரகலா: நேத்து தலைவலி உங்களுக்கு. தைலம் தேச்சு உட்டது நானு.

பூபாலன்: பாத்தீங்களா, இப்புடித்தான் மாட்டுவானுக! உபகமிட்டித் தலைவர்ங்கற முறையில சொல்றேன். அக்கவுண்ட் மாறிப்போச்சுன்னு மெயில் வந்தா, நல்லாத் தெரிஞ்சவங்க ஐடியில இருந்தே வந்தாலும் நம்பப்படாது. மெயில் பெட்டிக்குள்ள எவன் பூந்து உக்காந்திருக்கறான்னு நமக்கென்ன தெரியும்? 'இன்னைக்கே, மதியத்துக்குள்ள'ன்னு அவசரப்படுத்துனா திருடன். 'யாருகிட்டயும் கேக்காதே'ன்னா... பெரிய திருடன்!

மருதாசலம்: பெரிய திருடன்னெல்லாம் சொல்லோணுமாங் தம்பி? பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ...

சித்ரகலா: திருடனுக்கு என்னங்க கஷ்டம்?

மருதாசலம்: பொதுவாச் சொன்னேன்.

பூபாலன்: அப்பறம் ஒண்ணுங்க. மெயிலுக்கு அடியில ஒரு போன் நம்பரு இருக்கும், சந்தேகம்னா கூப்பிடவும்னு. அதுக்குக் கூப்பிடவே கூடாது. கூப்புட்டா அவனேதான் எடுப்பான், அவனேதான் 'ஆமாங்க, சரிதானுங்க'ம்பான். அக்ரிமெண்ட் போட்டப்ப எதுத்தாப்புல உக்காந்து எழுதுன நம்பரு இருக்குது பாருங்க, அதுக்குத்தான் அடிக்கோணும். அக்ரிமெண்ட்டுல இருந்தது அக்கா நம்பரு. அடிச்சேன். புடிச்சேன்!

சித்ரகலா: ஆமாங்க, பதினொரு மணிக்குக் கூப்புட்டாரு. 'அக்கவுண்ட் மாத்தீட்டீங்களாக்கா'ன்னாரு. நாங்க எதுக்குங்க மாத்தறோம்னேன். உடனே 'ஐயோ'ன்னு ஒரு சத்தம்.

பூபாலன்: அது... எங்க கம்பெனி தையல் செக்‌ஷன்ல ஒருத்தன் வெரல்ல ஊசி ஏத்திக்கிட்டான்.

சித்ரகலா: உங்க குரலாட்டவே இருந்துச்சு.

பூபாலன்: வலிச்சா எல்லாருக்கும் ஒரே குரல்தானுங்கக்கா.

மருதாசலம்: தம்பி, ஒரு விசயம்... அப்ப அந்த அக்கவுண்டுக்கு நீங்க பணம் போடலீங்களா?

பூபாலன்: நானாங்ண்ணா? உபகமிட்டித் தலைவரா?

மருதாசலம்: ஒத்த ரூபா கூட?

பூபாலன்: ஒத்த ரூபா கூட.

மருதாசலம்: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

சித்ரகலா: ஏனுங்க, போடலைன்னு சந்தோசப்படறதை உட்டுப்போட்டு என்னத்தை யோசிக்கச் சொல்றீங்க?

மருதாசலம்: இல்ல... விசித்திரமா இருக்குதேன்னு.

பூபாலன்: விசித்திரமில்லீங்ண்ணா, அனுபவம்! மூணு வருசத்துக்கு முன்னாடி எங்க ஜெர்மனி பார்ட்டிக்கு எவனோ என்ற பேர்ல மெயில் போட்டு, பேங்க்கு மாறிப்போச்சுன்னுட்டான். எட்டாயிரம் டீ-சர்ட் பணம். அவங்க 'கட்டிட்டோம்'ங்கறாங்க, நான் 'வர்லை'ங்கறேன். ரெண்டு பேரும் இங்கிலீசுல சண்டை. எனக்கும் இங்கிலீசு வராது, அவங்களுக்கும் வராது. அன்னைக்குப் பட்டதுக்கப்பறம் இந்தப் பூபாலனை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரோணும்.

சித்ரகலா: தம்பி, அந்த மெயிலை இன்னொருக்கா காட்டுங்க. ...ஏனுங்க, இதென்ன, நலம், நலமறிய ஆவல்? இந்தக் காலத்துத் திருடன் இப்புடியா எழுதறான்?

பூபாலன்: பழைய ஆளா இருப்பானுங்க.

சித்ரகலா: எனக்குத் தெரிஞ்சு இப்புடி எழுதற ஒரே ஆளு எங்க ஊட்டுக்காரருதான். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி உடறதுக்கே நலமறிய ஆவல்னு போடறவரு.

மருதாசலம்: மரியாதை தெரிஞ்ச திருடனா இருக்கும்.

சித்ரகலா: அக்கவுண்ட் யார் பேர்லீங்க?

பூபாலன்: மருதாசலம்னு அண்ணன் பேரேதான் போட்டிருக்கறான். பேரைப் போடறதுக்கு என்னங்க, கைக்காசா செலவாகுது?

சித்ரகலா: அப்ப இப்பவே இணைய மோசடிப் புகார் நம்பரு 1930க்கு அடிக்கறேன். போலீசுல சொல்லி, அந்த அக்கவுண்ட்டு யாருதுன்னு...

மருதாசலம்: வேண்டாம்!

பூபாலன்: வேண்டாங்கக்கா!

சித்ரகலா: ...ரெண்டு பேரும் எதுக்கு ஒண்ணா எந்திரிக்கறீங்க?

பூபாலன்: பணமே போகலைங்கறப்ப, அவங்களைப் போயித் தொந்தரவு பண்ணறது... சமூக அக்கறைங்க.

மருதாசலம்: எனக்கும் அதே அக்கறைதான்.

சித்ரகலா: அதுக்காக அந்தத் திருட்டுப்பயலை சும்மா உட்டர்றதா?

பூபாலன்: சும்மா உடுவனா? 'அடேய்'னு ஆரம்பிச்சு ஒரு பக்கத்துக்குப் பதில் மெயில் போட்டேன் பாருங்க! உபகமிட்டி விதிப்படி திருடனுக்குப் பதில் போடக்கூடாதுங்க. ஆனா எனக்கு மனசு ஆறலை.

சித்ரகலா: என்னன்னு போட்டீங்க?

பூபாலன்: அதெல்லாம் பொம்பளைங்க முன்னாடி படிக்க முடியாதுங்க.

மருதாசலம்: இருந்தாலும் தம்பி, அதுக்காக எங்கப்பனையெல்லாம் இழுத்திருக்க வேண்டாம்.

சித்ரகலா: யாரு அப்பனை?

மருதாசலம்: திருடனோட அப்பனை. பாவம், அந்த மனுசன் என்ன பண்ணுனாரு.

சித்ரகலா: எங்கப்பனைன்னீங்க.

மருதாசலம்: ஒரு வேகத்துல...

சித்ரகலா: தம்பி, உங்க மெயில்ல அப்பனை இழுத்திருந்தீங்களா?

பூபாலன்: ரெண்டாவது பத்தியிலீங்க. ஆனா அது திருடனுக்கு மட்டுந்தான தெரியும்...

சித்ரகலா: இந்தப் பக்கம் திரும்புங்க. என்ற மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க. யாரு அனுப்புன மெயில் அது? நலமறிய ஆவலுங்க.

மருதாசலம்: ...நாந்தான் சித்ரா.

பூபாலன்: அண்ணா!

சித்ரகலா: நீங்க இருங்க தம்பி. எதுக்கு? இந்த ஊடு ரெண்டு பேரு பேர்லயும் இருக்குது. எனக்குத் தெரியாம அந்தப் பணத்தைத் தனி அக்கவுண்டுல வாங்கி என்ன பண்ணலாம்னு?

மருதாசலம்: அவினாசி ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் மூணு லட்சம் கட்டிட்டேன்னு சொன்னேனில்ல...

சித்ரகலா: ஆமா.

மருதாசலம்: கட்டுனேன். ஃபிளாட்டுக்காரங்களுக்கு இல்ல.

சித்ரகலா: அப்பறம் யாருக்கு?

மருதாசலம்: அதான் தெரியல. ஃபிளாட்டு ஆபீசுல இருந்துன்னு ஒரு மெயில் வந்துச்சு. ஆடிட் நடக்குது, வேற அக்கவுண்டுல போடுங்க, இன்னைக்கே போட்டா இருபதாயிரம் தள்ளுபடின்னு.

பூபாலன்: இன்னைக்கே! சொன்னேனா இல்லீங்களா!

சித்ரகலா: போன் பண்ணிக் கேக்கலீங்களா?

மருதாசலம்: கேக்காம இருப்பனா? கேட்டேன். மெயில்ல இருந்த நம்பருக்குத்தான்...

பூபாலன்: அவனே எடுத்திருப்பானே!

மருதாசலம்: எடுத்தான். எடுத்ததும் 'ஏனுங்க, சாப்டீங்களா'ன்னான் சித்ரா. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டான். 'வெயில்ல அலையாதீங்க, ஊட்டுல இருந்தே அனுப்புங்க'ன்னான். சாப்டீங்களான்னு கேக்கறவன் திருடுவான்னு நான் கண்டனா?

சித்ரகலா: நம்மூருல சாப்டீங்களான்னு கேக்காம எவனாவது திருடியிருக்கறானுங்களா!

மருதாசலம்: நாலு நாள் கழிச்சு ஆபீசுக்கு நேர்ல போனப்பத்தான் வெளிச்சமாச்சு. 1930க்கும் சொன்னேன். போட்ட உடனே சொல்லியிருந்தா நிறுத்தியிருக்கலாமேன்னு கேட்டாங்க. உங்கிட்டச் சொல்ல வாய் வர்லை. பழைய அக்கவுண்டுன்னா ஒவ்வொண்ணுக்கும் உனக்கும் மெசேஜ் வந்துரும். அதான் புதுசா ஒண்ணு. அதுல வாங்கி, மூணு லட்சத்தை நெசமான ஃபிளாட்டுக்காரங்களுக்குக் கட்டிப்போட்டு, மீதியை உங்கிட்டக் குடுத்தர்லாம்னு...

சித்ரகலா: மூணு லட்சம் கொறையறது எனக்குத் தெரியாதுங்களா?

மருதாசலம்: கடைசி நேரத்துல தம்பி வெலையைக் கொறைச்சுட்டாருன்னு சொல்லலாம்னு இருந்தேன்.

பூபாலன்: அடக் கெரகமே! பழி என்ற தலையிலயா?

சித்ரகலா: ...அப்ப பதினஞ்சு நாளா தூங்காம உருண்டது இதுக்குத்தானா? நான் சக்கரை வியாதின்னு நெனச்சு, பாகக்காய் சாறு புழிஞ்சு குடுத்தனே.

மருதாசலம்: குடிச்சனில்ல.

சித்ரகலா: குடிச்சீங்களே! பதினஞ்சு நாளும் ஒரு வார்த்தை பேசாம! நான் கூட, மனுசனுக்கு என்ன பொறுமைன்னு எங்கக்காகிட்டச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மருதாசலம்: சிரிக்கறயா அழுகறயா?

சித்ரகலா: எனக்கே தெரியல. மூணு லட்சத்துக்கு அழுகறேன், பாகக்காய்க்குச் சிரிக்கறேன்.

மருதாசலம்: அதுல இன்னொண்ணும் இருக்குது சித்ரா, என்னன்னா...

பூபாலன்: அண்ணா! அண்ணா, ஒரு நிமிசம். அப்ப அது நெசமாலுமே உங்க அக்கவுண்டுதானுங்களா?

மருதாசலம்: ஆமாங் தம்பி.

பூபாலன்: சத்தியமா?

மருதாசலம்: மேசை டிராயர்ல பாஸ்புக் இருக்குது, பாருங்க.

பூபாலன்: ...அதே நம்பரு! கடைசி நாலும் அதே! அக்கா, சக்கரை தூக்கலா ஒரு காப்பி போடுங்க! மூணு போடுங்க! அண்ணனாட்ட ஒரு மனுசன் உண்டா இந்தத் திருப்பூருல! கையைக் குடுங்கண்ணா!

சித்ரகலா: ஏனுங்க தம்பி, புடிச்ச திருடன் திருடனே இல்லைன்னு ஆயிப்போச்சு. உங்களுக்கு எதுக்கு இத்தன ஆட்டம்?

பூபாலன்: ...மனிதநேயங்க. ஒரு அவசர போன், வெளிய நின்னு பேசிட்டு வந்தர்றேன்.

சித்ரகலா: உக்காருங்க. இனி இந்த ஊட்டு விசயத்துல ஒளிச்சுப் பேச ஒண்ணும் இல்ல. வியாழக்கிழமை கிரயம். பணத்தை இப்பவே, என்ற கண்ணு முன்னாடி, எங்க பழைய அக்கவுண்டுக்குப் போட்டு உடுங்க.

பூபாலன்: இப்பவேவா?

சித்ரகலா: திருடன் அவசரப்படுத்துனாத்தான் ஆகாது. நாங்க எதுத்தாப்புல உக்காந்திருக்கறோமே.

பூபாலன்: அதுக்கும் ஒரு முறை இருக்குதுங்க! பனியன்ல எப்புடி? பார்ட்டி சாம்பிளைப் பாத்து ஓகே சொல்லாம மொத்த சரக்கை, பல்க்கை, ஓட்டுவமா? அதேதான். மொதல்ல ஒரே ஒரு ரூபா. அது வந்துச்சுன்னு நீங்க வாயால சொன்ன பொறகுதான் மீதி. இதை நான் பொழுதோட பேச்சுல ரொம்ப விளக்கமா...

சித்ரகலா: விளக்கத்தைப் பொழுதோட வெச்சுக்கங்க. ஒரு ரூபா அனுப்புங்க.

பூபாலன்: ...அனுப்பிட்டனுங்க.

சித்ரகலா: வந்துருச்சு. ஒரு ரூபா. சாம்பிள் ஓகே, கலர் ஓகே, தையல் ஓகே. பல்க் ஓட்டுங்க.

பூபாலன்: பேங்க்குல மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை... நாளைக்கு நாள் வேற நல்லாருக்குதாமா...

மருதாசலம்: உடு சித்ரா. தம்பி மெதுவா அனுப்பட்டும்.

சித்ரகலா: நீங்க எதுக்கு அவருக்கு வக்காலத்து? முப்பத்தெட்டு லட்சம் வரோணும்னு கொஞ்சமாவது பதட்டம் இருக்குதா உங்களுக்கு? தம்பி, ஏன் வேர்க்குது உங்களுக்கு? ஃபேன் ஓடுதே.

பூபாலன்: அந்த ஒரு போனை மட்டும் பேசிட்டு வந்தர்றனுங்கக்கா. ரெண்டே நிமிசம். லேட்டாப் போனா...

சித்ரகலா: லேட்டாப் போனா என்னவாம்? இருங்க, யாரு போன் சத்தம் போட்டுச்சு? ஏனுங்க, உங்களுதா?

மருதாசலம்: மெசேஜுதான். அப்பறம் பாத்துக்கலாம்.

சித்ரகலா: இன்னைக்கு இருந்து இந்த ஊட்டுல எந்த மெசேஜா இருந்தாலும் வாய் உட்டுத்தான் படிக்கோணும். படிங்க.

மருதாசலம்: 'பணம் அனுப்பியவரிடமிருந்து இணையக் குற்றப் புகார் வந்துள்ளதால், இன்று காலை 10.42க்குத் தங்கள் கணக்கில் வரவான ரூபாய் முப்பத்தெட்டு லட்சம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'