டைனமோவுக்கு நாலு டாக்டர்

உங்க பேட்டரிய மாட்டி ஓட விட்டும் பன்னெண்டு வோல்ட்டுதான் காட்டுதா? வண்டி ஓடுறப்ப பதினாலு காட்டணுமா? சரி மெக்கானிக்கண்ணே, மீட்டர கொஞ்சம் கீழ வைங்க, நான் சொல்றதக் கேளுங்க. எங்க வீட்டுக்காரரு ரதமேஸு உங்களுக்கு ஐஸ் வாங்க முக்குக் கடைக்குப் போயிருக்காரு. ஐஸுக்கு அஞ்சு நிமிசம், கடைக்காரங்கிட்ட பேஸ்பால் பேச அர மணி நேரம். நமக்கு நேரம் கெடக்கு.

எப்பலேர்ந்தா? ஞாயித்துக்கெழம காலையிலேர்ந்து. சாவியத் திருப்புனா பல்லி கத்துற மாதிரி டிக் டிக்குங்குது, அம்புட்டுதான். இந்த வண்டி ஆள் ஏத்திக்கிட்டு ரூட்ல ஓடுனாத்தான் வீட்ல அடுப்பு எரியும்னு பீத்திக்குவாரு. முன்னறையில நான் பொம்பளைங்களுக்கு முடி செட் பண்ணி எரிக்கிறது அடுப்பு இல்லியாம்.

யாரு பாத்தாங்களா? டாக்டருங்க நாலு பேருண்ணே. மாமரத்தடியில டோமினோ ஆடுறாங்களே, அந்தக் கூட்டம்தான். பிலோமெனோ பெல்ட்டு லூசுன்னான். முறுக்குனான் பாருங்க, இப்ப ஸ்டார்ட் பண்ணுனா கிறிஸ்மசுக்குப் பன்னி அறுக்குற சத்தம். சீச்சோ வந்து பேட்டரி முனையில உப்புப் பூத்திருக்குன்னு கறுப்பு கோலா சோடாவ ஊத்துனான். பேட்டரி குடிச்சுச்சோ இல்லியோ, எறும்பு குடும்பத்தோட வந்துருச்சு. எங்கொழுந்தன் பியூஸ எல்லாம் கழட்டித் தொடச்சு மாட்டுனான், ஒண்ணு மிஞ்சிருச்சு. அது வண்டிக்கு வேணாமாம்.

நாலாவது டாக்டரு நம்ம வீட்டுக்காரரேதான். சாயந்திரம் எல்லாருமா தள்ளி ஸ்டார்ட் பண்ணுனாங்க. ஓடுற வண்டியில பேட்டரி வயரப் புடுங்கிப் பாக்கலாம், நின்னா சார்ஜ் ஏத்துற டைனமோ போச்சு, நிக்கலன்னா பேட்டரி போச்சுன்னாரு. புடுங்குனாரு. முன்லைட்டு சூரியனாட்டம் எரிஞ்சுச்சு, கருகுற நாத்தம் அடிச்சுச்சு, வண்டி படுத்துருச்சு. பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, டைனமோன்னு ஒரே குதி.

என்னது? வயரப் புடுங்குனதாலதான் டைனமோவே செத்துச்சா? அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்திருக்குமா? அய்யய்யோ, மெதுவாப் பேசுங்கண்ணே!

அப்ப ஞாயித்துக்கெழம காலையில பேட்டரி ஏன் காலியா? லைட்ட எரிய விட்டுட்டமா? இல்லண்ணே... லைட்டு இல்ல.

சனிக்கெழம மத்தியானம் கல்யாணப் பொண்ணு யாகைரா என் முன்னறை நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. பாதித் தலைய வழவழன்னு நீட்டி முடிச்சாச்சு, மீதிப் பாதி சுருட்டையா வானத்தப் பாத்து நிக்குது. அப்பப் பாத்து கரண்டு போச்சு. நாலு மணிக்குச் சர்ச்சு. பொண்ணோட அம்மாக்காரி தரையில உக்காந்து ஒப்பாரி. நம்மாளு சாப்பிட்டுக் கொறட்ட விட்டுட்டு இருந்தாரு. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரத் தூக்கியாந்து வண்டி பேட்டரியில கவ்வ விட்டு டிரையரப் போட்டேன். அர மணி நேரம். பொண்ணு பளபளன்னு சர்ச்சுக்குப் போனா, பேட்டரி நேரா மயானத்துக்குப் போச்சு.

அவருக்குத் தெரிஞ்சா? இந்த முடி வேலைய நிறுத்துன்னு ரெண்டு வருசமா சாக்குத் தேடுறவருண்ணே. நாற்காலியையும் டிரையரையும் தூக்கித் தெருவுல வச்சிருவாரு. அதனால வந்ததும் டைனமோதான் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. ஏன் முழிக்கிறீங்க? பொய்யா சொல்லச் சொல்றேன்? ஞாயித்துக்கெழம காலையில சொல்லிருந்தாப் பொய்யி. சாயந்திரமே அந்த மனுசன் தன் கையால அத உண்மையாக்கி வச்சிட்டாரே.