ஆண்பிள்ளை என்று சொன்ன தீர்க்கதரிசனம்

ஓட்டமாவடியில் ஏறி மட்டக்களப்புக்கு வரும்போது, பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் தன் மச்சாளிடம் சொன்னாள்:

“ஆண்டவர்ர பேரால பொய் சொல்லிட்டன்கா.”

“என்ன பொய்?”

“றோசிக்கு ஆம்புளப்புள்ளதான் எண்டு எங்கட சபையில தீர்க்கதரிசனம் சொன்னன். பொம்புளப்புள்ள பொறந்திருக்கு.”

“அந்தத் தீர்க்கதரிசன வரமெல்லாம் அப்போஸ்தலரோட முடிஞ்சிது எண்டு எங்கட சபைப் போதகர் சொல்றவர். நீதான் கேக்கமாட்டாய்.”

“மன்னிப்புக் கேக்க ஆசுபத்திரிக்குப் போனன்.”

“ஏசினாளா?”

“இல்ல. ‘நீங்க சொன்ன நாள்ல இருந்து மாமி என்னை ஒரு வார்த்த ஏசல்ல, நான் கேட்ட மீனெல்லாம் ஆக்கித் தந்தவ. அடுத்த முறையும் ஆம்புளப்புள்ள எண்டே சொல்லுங்க அன்ரி’ எண்டாள்.”



“அதுக்கு நீ என்ன சொன்ன?”

“ஜெபிச்சுப் பாக்கிறன் எண்டன்.”