பதினைந்து கிலோ

எடை பார்க்கும்போது மனிதர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். இருபத்தெட்டு வருடமாகத் தராசு பழுது பார்க்கிறேன், இதைப் பார்க்காத நாளே இல்லை. மூச்சை விட்டால் ஊசி ஏறிவிடும் என்று ஒரு நினைப்பு. சிலர் வயிற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நான் சிரித்ததில்லை. தராசில் நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

என் மனைவி மூச்சையெல்லாம் அடக்க மாட்டாள். ஏறுவாள், பார்ப்பாள், இறங்கிப் போய்விடுவாள். அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாகத் தண்ணீரில் கால் வைக்கிறவர்கள்தான் அவளிடம் வருவார்கள். எல்லோருக்கும் அவள் டீச்சர். காலை ஐந்தரைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவாள். வந்து சாப்பிடுவாள், குளத்துப் பெண்களோடு போனில் பேசுவாள், படுத்துவிடுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருபத்திரண்டு வருடம் நாங்கள் சண்டை போட்டதே இல்லை, ஐயா. சண்டை போடவும் இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டுமே.

குளத்தின் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. மூன்று திருகாணி வைத்து இறுக்கினார்கள். அந்த விழுதலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அன்று நான் கடையில் இருந்தேன், விசாரித்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எங்கள் வீட்டின் பதினெட்டுப் படியிலும் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நானும் எங்கள் கட்டடத்து வாட்ச்மேனும் தூக்கி வந்தோம். தலைப்பக்கம் நான். நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்துத்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் முன்னால் சரிந்துவிடுவாள். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

கடையைப் பாதி நாள் மூடினேன். குளிப்பாட்டினேன், தலை துவட்டினேன், உட்காரும் நாற்காலிக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினேன். குனியக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்று ஆயிரம் கட்டளை. எதற்கெடுத்தாலும் "ஏங்க" என்பாள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

இரண்டாவது வாரத்தில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் வந்தார். அடிபட்ட காலில் பதினைந்து கிலோவுக்கு மேல் பாரம் இறங்கக் கூடாது, ஆறு வாரத்துக்கு. பதினைந்து கிலோ என்பது எவ்வளவு என்று கால் எப்படிப் படிக்கும்? அதற்கொரு வழி இருக்கிறது. வாக்கரைப் பிடித்து நின்று, நல்ல காலை ஒரு பலகையிலும் அடிபட்ட காலைக் குளியலறைத் தராசிலும் வைக்க வேண்டும். ஊசி பதினைந்தைத் தொடும்வரை மெல்ல அழுத்த வேண்டும். தினம் மூன்று வேளை. நாலைந்து நாளில் கால் அந்த அழுத்தத்தை மனப்பாடம் செய்துவிடும், நடக்கும்போதும் அவ்வளவுதான் ஊன்றும்.

"தராசை நான் செக் பண்ணணுமா சார்?" என்று கேட்டு அந்தப் பெண்ணே சிரித்தார். "உங்ககிட்டப் போய்க் கேக்கறேன் பாருங்க."

"அவர் தராசு அரை கிராம்கூடப் பொய் சொல்லாதும்மா," என்றாள் என் மனைவி. பெருமையாகத்தான் சொன்னாள்.

அதன் பிறகு அந்தப் பெண் தராசுப் பக்கமே போகவில்லை. காலை மடக்க வைப்பார், தூக்க வைப்பார், நான் எழுதி வைத்த அட்டவணையை வாங்கிப் பார்ப்பார். சுத்தமான அட்டவணை. என் கையெழுத்தை எல்லோரும் பாராட்டுவார்கள்.

மூன்றாவது வாரம் அவர் சொன்னார், "இப்படியே போனா பன்னிரண்டாவது வாரம் நீங்க தண்ணில இறங்கலாம் டீச்சர்."

என் மனைவி அழுதுவிட்டாள். உடனே காலண்டரைக் கொண்டுவரச் சொன்னாள். அந்தத் தேதியை என்னைக்கொண்டே வட்டமிட வைத்தாள். பிறகு குளத்துப் பெண்கள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாள். அன்று மாலை முழுக்க அவள் என்னைக் கூப்பிட்டது நான்கே தடவை.

மறுநாள் தராசைக் கடைக்கு எடுத்துப் போனேன். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பூஜ்யத்தைத் தொடவில்லை. பூஜ்யம் நகர்ந்தால் எந்த முட்டாளுக்கும் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் நெம்புகோலில் கொக்கி மாட்டும் இடத்தைச் சற்று மாற்றினால் போதும், ஊசி ஏறும் வேகம் குறைந்துவிடும். முதலில் ஐந்து கிலோ வித்தியாசம்தான் வைத்தேன். இருபது கிலோ அழுத்தினால் பதினைந்து காட்டும். எடைக்கற்களை வைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். எனக்கு உத்தேசமாக வேலை செய்யத் தெரியாது.

கொஞ்சம் தாமதமாகட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம், ஒரு மாதம். ஆனால் என் மனைவி கெட்டிக்காரி, இருபது கிலோவையும் தாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் இருபத்தைந்தாக்கினேன். அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்று. ஒரேயடியாக மாற்றியிருந்தால் காலுக்குத் தெரிந்திருக்கும். படிப்படியாகப் போனதால் தெரியவில்லை.

"ஏங்க, வலி உயிர் போகுதுங்க," என்றாள் ஒரு நாள். ஊசி பன்னிரண்டில் நின்றது.

"இன்னும் மூணு கிலோதான்," என்றேன். "வலி இருக்கும்னு டாக்டர் சொன்னாரில்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். வாக்கரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. தண்ணீரைக் கண்டு அலறும் பெண்களிடம் இன்னும் ஒரே ஒரு கை வீச்சு என்று சொல்லிச் சொல்லியே அக்கரை சேர்ப்பவள் அல்லவா, தன்னை மட்டும் விட்டுவிடுவாளா? பதினைந்தைத் தொட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அட்டவணையில் குறித்துக்கொண்டேன்.

ஏழாவது வாரம், சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது டக்கென்று ஒரு சத்தம். அவள் விழக்கூட இல்லை. கால் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. திருகாணிகள் எலும்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டன.

"அவசரப்பட்டுட்டீங்கம்மா. சொன்ன பாரத்துக்கு மேல ஊனியிருக்கீங்க," என்றார் டாக்டர்.

அவள் மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சீக்கிரம் நடக்கணும்னு ஆசைப்பட்டு ஊனிட்டேன் போல. உங்களுக்குத்தான் கஷ்டம். மன்னிச்சிடுங்க," என்றாள்.

பரவாயில்லை என்றேன்.

பிறகு செயற்கை மூட்டு வைத்தார்கள். அதில் சீழ் பிடித்தது. வைத்ததை எடுத்தார்கள். இப்போது அந்தக் கால் இரண்டங்குலம் குட்டை, பாரம் தாங்காது. இனிமேல் அந்த இடத்தைத் திறக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீழ் பிடித்ததற்கு நான் பொறுப்பல்ல, ஐயா. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் நீச்சலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். போன் வந்தால் எடுப்பதில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாள். ஆனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை நான்தான் அவளைப் புரட்டிப் படுக்க வைத்தேன். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

தராசைச் சரிசெய்து வைக்காதது என் தவறு. பயிற்சிதான் நின்றுபோயிற்றே என்று கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். போன வாரம் அவளுடைய அக்கா உதவிக்கு வந்தார். ஆள் நல்ல பருமன். கூட்டிப் பெருக்கும்போது தராசைக் கண்டு வெளியே இழுத்து, ஏறி நின்றார்.

"நாப்பத்தொண்ணா? தம்பி, உங்க வீட்டுக்கு வந்த ராசியப் பாருங்க. எட்டாங்கிளாஸ்ல இருந்த எடைக்கு வந்துட்டேன்," என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

என் மனைவி சிரிக்கவில்லை. "அக்கா, இறங்கிட்டு மறுபடி ஏறு," என்றாள். அக்கா ஏறினார். நாற்பத்தொன்று. அக்காவின் எடை எண்பத்து நான்கு.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "எத்தனை நாளுங்க?"

"இருபத்தாறு நாள்," என்றேன். அவளிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

"வலிக்குதுன்னு சொன்னப்ப?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. அக்காவிடம் போனைக் கேட்டு வாங்கினாள். அவ்வளவுதான். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், அந்த எலும்பு உடையும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பாரத்தில் எது உடையும் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் என் தொழில். தெரிந்தேதான் செய்தேன். அவள் நடந்து போய்விடக் கூடாது என்று செய்தேன்.

புகாரில் இருப்பது அவள் கையெழுத்துதான், ஒப்புக்கொள்கிறேன். வாசகம் அவளுடையதாக இருக்காது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியிருப்பாள். கோபம் இரண்டு நாளில் தணிந்துவிடும். புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும் அல்லவா? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இன்று காலை உங்கள் ஜீப்பில் நான் ஏறி உட்கார்ந்த பிறகு, குளத்துப் பெண்கள் நான்கு பேர் அவளை நாற்காலியோடு படியில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகிறார்களாம். நாற்காலியை நிமிர்த்தியே தூக்கினார்கள். ஒருவருக்கும் பழக்கமில்லை. பின்னால் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி நான் ஜீப்பிலிருந்து கூப்பிட்டேன். அவள் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அந்த நேரத்தில் ஜீப்பைக் கிளப்பவே இல்லை என்று உங்கள் டிரைவர் சொல்கிறார். அவருக்கு ஞாபகம் சரியில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவள் காதில் விழவில்லை.